ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை மாலை மூன்றரை மணிக்கு எங்கள் கேன்டீனில் கேக் வெட்டுவார்கள். அந்த மாதத்தில் பிறந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேக். யார் யார் பிறந்தார்கள் என்று பட்டியல் எடுப்பது என் வேலை. ஹெச்.ஆர். துறையில் அதற்கு ‘எம்ப்ளாயி எங்கேஜ்மென்ட்’ என்று பெயர். ஊரில் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், அப்பா எனக்கு முந்திக்கொண்டு, “கம்பெனியில எல்லாரையும் சந்தோஷமா வெச்சிக்கிற வேலை” என்பார். அதில் பெருமை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

தொழிற்சாலை திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையை ஒட்டி, கும்மிடிப்பூண்டி பக்கம் இருக்கிறது. தலைமையகம் அமெரிக்காவில். வருடத் தொடக்கத்தில் அங்கிருந்து ஒரு கொண்டாட்டக் காலண்டர் வரும். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன், நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங், டிசம்பரில் சீக்ரெட் சான்டா, நடுவில் ஃபேமிலி டே. விபத்தில்லாமல் இத்தனை லட்சம் மணி நேரம் ஓடியது என்றால் அதற்கு ஒரு விருந்து. காலண்டரை வாங்கி இந்த ஊருக்குத் தோதாக மாற்றுவதும் என் பொறுப்புதான்.

மாற்றுவது என்றால் சும்மா இல்லை. முதல் வருடம் ஹாலோவீனுக்குப் பரங்கிக்காயில் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி வரவேற்பறையில் வைத்தோம். செக்யூரிட்டி அண்ணன் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, “புது பில்டிங் ஏதாவது கட்டப் போறாங்களா மேடம்?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கோரமான முகத்தை வாசலில் வைப்பது நம் பக்கம் திருஷ்டிக்கு. இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் ஆயுத பூஜைக்கு அதே வாசலில் குங்குமம் தடவி பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். தேங்க்ஸ்கிவிங் வான்கோழி இங்கே சிக்கன் பிரியாணி ஆனது. சீக்ரெட் சான்டாவில் நூறு ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று விதி போட்டும், ஒருவர் தன் மேலாளரின் பெயர் வந்துவிட்ட பயத்தில் வெள்ளிக் குங்குமச்சிமிழ் வாங்கி வந்தார்.

கேக்கில் மட்டும் மாற்ற ஒன்றுமில்லை. அது எங்களுக்கு முன்னாலேயே ஊருக்குள் வந்துவிட்டது. அதில் கத்தி வைக்காத வீடு இப்போது கிடையாது. 2018 பிப்ரவரியில் பூந்தமல்லி பக்கம் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடி தன் பிறந்தநாள் கேக்கை அரிவாளால் வெட்ட, போலீஸ் சுற்றிவளைத்து 70-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்த செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்தக் கூட்டத்திலும் கேக் இருந்தது என்பதைத்தான் நான் கவனித்தேன். கென்டக்கியில் மில்ட்ரெட் ஹில், பேட்டி ஹில் என்ற அக்கா தங்கை 1893-ல் பள்ளிக் குழந்தைகளுக்காக வெளியிட்ட காலை வணக்கப் பாட்டின் மெட்டுதான் பிறகு ஹேப்பி பர்த்டே ஆனது. அந்தப் பாட்டுக்கு ஒரு இசை நிறுவனம் பல வருடங்கள் காப்புரிமைக் காசு வசூலித்தது. 2015-ல் நீதிமன்றம் அந்த உரிமை செல்லாது என்றது. அதுவரை அமெரிக்காவில் பல உணவகங்கள் காசுக்குப் பயந்து சொந்தமாக வேறு பாட்டு கட்டிப் பாடிக்கொண்டிருந்தன. நாங்கள் இங்கே ஒரு காசு கொடுக்காமல் பாடிக்கொண்டிருந்தோம்.

மெழுகுவத்தி மட்டும் கிடையாது. பெயின்ட் ஷாப் பக்கத்தில் இருப்பதால் சேஃப்டி ஆபீசர் தடை போட்டுவிட்டார். அதில் வருத்தப்பட்டவர் யாருமில்லை. நல்ல நாளில் விளக்கை வாயால் ஊதி அணைப்பதாவது என்று கேன்டீன் அக்காக்களுக்கு ஏற்கெனவே ஒரு முணுமுணுப்பு இருந்தது.

*

பட்டியல் எடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. பிறந்தநாள் கொண்டாட முதலில் பிறந்த தேதி வேண்டும்.

எங்கள் கம்பெனியில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் நிறைய பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள். காரணம் எளிது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பையனைக் கூட்டிக்கொண்டு போனால் ஹெட்மாஸ்டர், வலது கையால் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்லுவார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தோதாக ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். அப்பாவின் பிறந்தநாளும் அப்படி வந்ததுதான். ஆயாவுக்குத் தெரிந்ததெல்லாம், “ஏரி ஒடைஞ்ச வருசம், ஐப்பசி மாசம்” என்பது மட்டும். சர்டிபிகேட்டில் இருப்பது ஜூன் 4. அப்பா அந்தத் தேதியில் வேலைக்குச் சேர்ந்தார், அந்தத் தேதியை வைத்து ரிட்டயரானார். ஒருநாளும் அதைக் கொண்டாடியதில்லை. பிள்ளைகளான எங்கள் நட்சத்திரத்துக்குப் பெருமாள் கோயிலில் அர்ச்சனை உண்டு. தேதிக்கு எதுவும் கிடையாது.

வடக்கிலிருந்து வந்த பையன்களுக்கு வேறு கதை. ஆதார் எடுக்கும்போது தேதி தெரியவில்லை என்றால் வருடத்தைக் குத்துமதிப்பாகப் போட்டு, நாளும் மாதமும் ஜனவரி ஒன்று என்று வந்துவிடும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்களின் ஆதார் நகல்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு கிராமமே புத்தாண்டு அன்று பிறந்த மாதிரி இருக்கும். ஒரு பையனிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, “சர்க்கார் குடுத்த பர்த்டே மேடம்” என்றான். தமிழ் அவனுக்கு ஒரு வருடத்தில் வந்திருந்தது.

அந்த நகல்கள் என் பட்டியலுக்கானவை இல்லை. அவை காண்ட்ராக்டர் கொடுத்த கேட் பாஸ் ஃபைலில் இருந்தவை. என் பட்டியல் கம்பெனி ரோலில் இருப்பவர்களுக்கு மட்டும். பர்மனென்ட், ஸ்டாஃப், ட்ரெய்னி வரை வரும். காண்ட்ராக்ட் தொழிலாளி வரமாட்டார். ஷாப் ஃப்ளோரில் ஒரே மெஷினுக்கு முன்னால் இரண்டு பேர் நிற்பார்கள். நீலச் சட்டைக்கு ஜூன் கேக் உண்டு. சாம்பல் சட்டைக்கு எந்த மாதமும் கிடையாது. மூன்றரை மணிக்கு ஸ்பீக்கரில் பெயர் வாசிக்கும்போது நீலச் சட்டை கையைத் துடைத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போகும். சாம்பல் சட்டை இரண்டு பேர் வேலையையும் பத்து நிமிடம் சேர்த்துப் பார்க்கும்.

அப்பா 1986-ல் சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் சேர்ந்தவர். அவர் காலத்துக் கொண்டாட்டம் என்றால் இரண்டு. ஒன்று ஆயுத பூஜை. மெஷினைக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுப்பார்கள். அன்று மட்டும் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். சூடு அடங்கிய உலையை நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். அதிலும் ஏற்றத்தாழ்வு இருந்தது. பர்மனென்ட் ஆளுக்கு ஸ்வீட் பாக்ஸும் ஒரு எவர்சில்வர் பாத்திரமும், கூலியாளுக்குப் பொரிப் பொட்டலம். ஆனால் பொட்டலம் எல்லோர் கைக்கும் வந்தது. யாரையும் வேலையில் நிறுத்திவைத்துவிட்டு பூஜை நடக்கவில்லை.

இன்னொன்று மே தினம். கேட்டுக்கு வெளியே கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, ஒருவர் பேசுவார். அது அமெரிக்காவிலிருந்து வந்தது என்று அப்பாவுக்கு நான் சொல்லித்தான் தெரியும். எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1-ல் சிகாகோவிலும் மற்ற ஊர்களிலும் நடந்த வேலைநிறுத்தம், ஹேமார்க்கெட்டில் வெடித்த குண்டு, அடுத்த வருடம் தூக்கில் போடப்பட்ட நான்கு பேர். அந்த நாளைத்தான் சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். இந்தியாவிலேயே முதல் மே தினம் அது. ஆனால் அமெரிக்கா மே மாதத்தை விட்டுவிட்டு, 1894-ல் செப்டம்பர் முதல் திங்கட்கிழமையைத் தொழிலாளர் நாளாக வைத்துக்கொண்டது. தலைமையகத்திலிருந்து எனக்கு வரும் காலண்டரில் மே 1 இருந்ததே இல்லை. தமிழ்நாட்டில் அது 1958-ம் வருடச் சட்டப்படி தொழிற்சாலைகளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை. நீலச் சட்டைக்கும் சாம்பல் சட்டைக்கும் சேர்த்து.

*

2019-ல் கம்பெனி என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்கு அனுப்பியது. செப்டம்பரில் போய் டிசம்பரில் திரும்பினேன். இந்தக் கொண்டாட்டங்கள் சொந்த ஊரில் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை எனக்கு வேலையைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் ஆச்சரியம், அழைப்பிதழில் முடியும் நேரம் போட்டிருந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் ஆறாவது பிறந்தநாள், சனிக்கிழமை 2 முதல் 4 வரை. வருகிறீர்களா இல்லையா என்று குறிப்பிட்ட தேதிக்குள் சொல்ல வேண்டும். நம் பக்கம் “குடும்பத்தோட வந்துடணும்” என்று மஞ்சள் தடவிய பத்திரிகையைக் கையில் கொடுத்தால், எத்தனை பேர் வருவோம் என்று நாமும் சொல்லமாட்டோம், அவர்களும் கேட்கமாட்டார்கள். கேட்டால் மரியாதைக் குறைவு. அங்கே சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. மூன்றரைக்குக் கேக், மூன்றே முக்காலுக்குக் குழந்தைகள் கையில் ஆளுக்கொரு பை, நான்குக்கு வாசலில் கோட்டு மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்கு நம் தாம்பூலப் பை ஞாபகம் வந்தது. தேங்காய்க்குப் பதில் சாக்லேட்.

அடுத்தது பரிசு. கொடுத்தவர் முன்னாலேயே பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, தூக்கிக் காட்டி, கொடுத்தவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்கிறார்கள். நமக்கு அது பேராசை மாதிரி தெரியும். அவர்களுக்கு, பிரிக்காமல் ஓரமாக வைத்தால் அலட்சியம். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் என்னென்ன வேண்டும் என்று கடையில் பட்டியல் கொடுத்துவைக்கும் வழக்கமும் உண்டு. 1924-ல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடையில் தொடங்கியது என்பார்கள். அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்த பேபி ஷவரில் பட்டியலைப் பார்த்தேன். பால் புட்டி, டயபர், கார் சீட் என்று விலையோடு போட்டிருந்தது. வளைகாப்புக்கு ஏழு வகை சோறு கட்டிக்கொண்டு போகும் நமக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு யோசித்தால், நம் மொய் நோட்டு இதைவிடக் கறார். அவர்கள் பட்டியலில் யார் எதை வாங்கினார் என்று இருக்கும். அந்தக் கணக்கு அந்த நன்றிக் கடிதத்தோடு முடிந்தது. நம் நோட்டில் யார் எவ்வளவு வைத்தார் என்று இருக்கும். இருபது வருடம் கழித்து அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் அதைத் திறந்து பார்ப்போம். நாம் திருப்பிக் கொடுக்கும் வரை உறவு கணக்கில் இருக்கும். அவர்கள் உடனே தீர்த்துவிட்டு அடுத்த பார்ட்டிக்குப் புதிதாக வருகிறார்கள். எது நல்லது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தங்கை கல்யாணத்தில் எங்களைக் காப்பாற்றியது மொய்தான். மொய்க்குக் கடன் வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.

ஆனால் நான் ஒஹையோவிலிருந்து கையோடு கொண்டுவந்தது வேறு ஒன்று. பாட்லக்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வாரம் பிளான்ட்டின் பிரேக் ரூம் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். இரண்டு பத்தி. பெயர், என்ன கொண்டுவருகிறீர்கள். யார் ஒட்டியது என்று கேட்டேன். பேக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு நாளில் தாள் நிரம்பிவிட்டது. பீன்ஸ் கேசரோல், மக்காச்சோள ரொட்டி, பூசணி பை, பேப்பர் தட்டு, ஐஸ். சமைக்கத் தெரியாத ஆண்கள் பேப்பர் தட்டில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் எலுமிச்சை சாதம் என்று எழுதினேன். பக்கத்தில் வேர்க்கடலை உண்டு என்று எழுதச் சொன்னார்கள். ஒவ்வாமை இருப்பவர்களுக்காக.

அங்கேயும் டெம்ப் என்று ஒரு வகை ஆட்கள் உண்டு. ஏஜென்சி மூலம் வருகிறவர்கள், நம் காண்ட்ராக்ட் மாதிரி. அதே வாரத்தில் கம்பெனி தன் ஊழியர்களுக்கு ஆளுக்கொரு வான்கோழி கூப்பன் கொடுத்தது. டெம்ப்புகளுக்குக் கிடையாது. அவர்கள் கூப்பன் வரிசையைக் கடந்து நேராக பார்க்கிங்குக்குப் போனார்கள். ஆனால் பாட்லக் அன்று எல்லா டெம்ப்பும் வந்தார்கள். ஒருவர் சிப்ஸ் பாக்கெட் மட்டும் கொண்டுவந்தார். அவர் தட்டிலும் எல்லாம் இருந்தது. கம்பெனி பணத்தில் வரும் விருந்து ரோலைப் பார்த்துப் பரிமாறுகிறது. ஆளாளுக்குக் கொண்டுவரும் சாப்பாட்டுக்கு ரோல் கிடையாது. மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டு வந்தது அந்த ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

*

திரும்பி வந்தவுடன் கொரோனா. கேக்கும் இல்லை, பாட்டும் இல்லை. மீண்டும் ஆரம்பித்தது 2022-ல். அப்போது ஒரு யோசனையை எழுதி மேலே அனுப்பினேன். காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் பெயர்களையும் பிறந்தநாள் பட்டியலில் சேர்க்கலாம். மாதத்துக்குக் கூடுதலாக இரண்டு கிலோ கேக். அதற்கான செலவு இவ்வளவு. பெரிய தொகையே இல்லை. மறுக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பதில் பணப் பிரிவிலிருந்து வரவில்லை, லீகலிலிருந்து வந்தது. ஒரு அழைப்பில் மிகவும் பொறுமையாக விளக்கினார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு முதலாளி காண்ட்ராக்டர். அவர் பெயர் கம்பெனியின் எந்தப் பட்டியலிலும், எந்தப் போர்டிலும் ஏறக்கூடாது. நாளைக்கு அவர்கள் நாங்கள் உண்மையில் கம்பெனியின் ஆட்கள்தான், நடுவில் இருக்கும் காண்ட்ராக்ட் வெறும் காகிதம் என்று வழக்குப் போட்டால், கம்பெனி இவர்களைத் தன் ஆட்களாக நடத்தியதற்குப் படத்தோடு சாட்சி ஆகிவிடும். “கேக் இஸ் எவிடென்ஸ்” என்று சொல்லிச் சிரித்தார் அழைப்பில் இருந்தவர். அவர் தன் வேலையைச் செய்தார்.

அந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. 2001-ல் செயில் வழக்கில் உச்ச நீதிமன்றம், காண்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாகவே நிரந்தரம் ஆகிவிடமாட்டார் என்றது. ஆனால் காண்ட்ராக்ட் என்பதே போலி என்று நிரூபணம் ஆனால் அவர்கள் முதன்மை நிறுவனத்தின் ஆட்கள்தான் என்றும் சொன்னது. அதனால் நிரூபணத்துக்கு உதவும் எதுவும் இருக்கக்கூடாது என்று கம்பெனிகள் கவனமாக இருக்கின்றன. தனிச் சட்டை, தனி அடையாள அட்டை, தனி வருகைப் பதிவு. சட்டம் எதைக் கொடுக்கச் சொல்கிறதோ அதைக் கொடுத்துவிடுவார்கள். அப்போது நடப்பில் இருந்த 1970-ம் வருடச் சட்டம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்றது. ஓய்வறை, குடிநீர், முதலுதவி வேண்டும் என்றது. சோறு சட்டத்தில் இருக்கிறது. கேக் இல்லை.

இந்தத் தந்திரமும் அமெரிக்காவிலிருந்துதான் வந்ததா என்று தேடிப் பார்த்தேன். அங்கே இதற்கு ஒரு பேர்போன வழக்கு இருக்கிறது. வருடக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருந்த ஊழியர்கள், நாங்களும் உங்கள் ஆட்கள்தான் என்று மைக்ரோசாஃப்ட் மீது 1992-ல் வழக்குப் போட்டார்கள். 2000 டிசம்பரில் 9.7 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. அதற்குள் நிரந்தர ஊழியருக்கு நீல பேட்ஜ், தற்காலிகருக்கு ஆரஞ்சு பேட்ஜ் என்று வகை பிரிந்திருந்தது. கம்பெனி விழாக்களிலிருந்து ஆரஞ்சு பேட்ஜ்காரர்கள் ஒதுக்கப்பட்டது செய்திகளில் எழுதப்பட்டிருக்கிறது. படித்தபோது சிரிப்புதான் வந்தது. எங்களுக்கும் நீலம்தான்.

பார்ட்டி கொடுப்பவர் யாரைக் கூப்பிடுவது என்று தீர்மானிக்கலாம். அது எந்த ஊரிலும் வழக்கம்தான். அமெரிக்க வீட்டு அழைப்பிதழில் பெயர் இல்லாதவர் வரமாட்டார், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார். அது வீடு. எட்டு மணி நேரம் பக்கத்தில் நிற்கிறவனின் பிறந்தநாள் கம்பெனிக்கு ஆபத்து என்றால், அந்தக் கேக்கை வைத்துக்கொண்டு ‘நாம் எல்லோரும் ஒரே குடும்பம்’ என்று போர்டில் எழுதுவதில் எனக்குக் கை வரவில்லை. அந்த மாதத்திலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

*

ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு அக்கா இருந்தார். கவரைப்பேட்டையிலிருந்து வருவார். ஒரு மத்தியானம் அவரிடம் ஒஹையோ பாட்லக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “இதுல இன்னாமா புதுசு? நாங்க தெனம் அதான பண்றோம்” என்றார்.

உண்மைதான். ஸ்டோர் ரூம் பக்கம் பெண்கள் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். ஒருத்தி குழம்பு, ஒருத்தி பொரியல், இன்னொருத்தி கருவாடு. கேன்டீன் சாப்பாடு இருந்தும் டப்பா வரும். சின்ன வயதில் நாங்கள் ஏரிக்கரையில் ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுபோய் ஆக்கின கூட்டாஞ்சோறுதான் இது.

ஆனால் அந்த வட்டத்துக்கும் ஒரு பட்டியல் இருந்தது. அக்காவே சொன்னார். “இங்க குந்தறவங்க எல்லாம் ஒரே பக்கத்து ஆளுங்க மா. லைன்ல நிக்கிற அந்தப் பொண்ணு எங்க டப்பாவத் தொடாது. கேட்டா செவ்வாக்கெழம கவுச்சி சாப்பிட மாட்டேன்னும். வெள்ளிக்கெழம சாம்பார் கொண்டாந்தேன், அன்னிக்கும் பசியில்லன்னுச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் யார் சமைத்தது என்று கேட்டுவிட்டுத்தான் கை நனைப்பவர்கள் உண்டு. ஒஹையோவில் வேர்க்கடலை இருக்கிறதா என்று கேட்டார்கள். இங்கே கேட்கும் கேள்வி வேறு. அதைத் தாளில் எழுத முடியாது. பாட்லக்குக்கு ரோல் கிடையாது என்று நான் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது அந்த இடத்தில் நின்றது.

அக்காதான் தாளை ஒட்டினார். நான் ஒட்டியிருந்தால் அது கம்பெனியின் தாள் ஆகிவிடும், மறுபடி லீகல் வரும். ஸ்டோர் ரூம் கதவின் உட்புறம் நோட்டுத் தாள் ஒன்று. மாதத்தின் முதல் சனிக்கிழமை. பெயர், என்ன கொண்டுவருகிறீர்கள். எம்ப்ளாயி நம்பர் என்று பத்தி இல்லை. ஊரின் பெயர்கூட வேண்டாம் என்றார். “ஊரப் போட்டா தெருவக் கேப்பாங்க” என்றார்.

முதல் மாதம் ஒன்பது பேர். எல்லாம் அந்த வட்டத்துப் பெண்கள். நான் ஆறு மணிக்கு எழுந்து தக்காளி சாதம் செய்தேன். இரண்டாவது மாதம் ஒடிசா பையன்கள் இருவர் பாகாலா கொண்டுவந்தார்கள். பழைய சோறுதான், தயிரும் வறுத்த மிளகாயும் போட்டது. “இது எங்க வூட்டு நீராகாரம்டா” என்று அக்கா இரண்டு கை வாங்கிக்கொண்டார். செப்டம்பர் 17 விஸ்வகர்மா பூஜை வந்தபோது, அந்தப் பையன்கள் தங்கள் மெஷினுக்குப் பூ வைத்துக் கும்பிட்டு பூந்தி கொடுத்தார்கள். ஆயுத பூஜைக்கு முன்னால் இது என்ன தனிப் பூஜை என்று சிலர் முகம் சுளித்தார்கள். பூந்தியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. லைனில் நிற்கும் அந்தப் பெண் நான்கு மாதம் வரவில்லை. ஐந்தாவது மாதம் வந்தாள். கடையில் வாங்கின மிக்சர் பாக்கெட் கொண்டுவந்தாள், மிக்சர் மட்டும் சாப்பிட்டாள். அடுத்த மாதமும் அப்படித்தான். அதற்கு மேல் அவளைப் பற்றி எழுத என்னிடம் எதுவும் இல்லை. இதையெல்லாம் ஒரு தாள் மாற்றிவிடும் என்று சொன்னால் நீங்களும் நம்பக்கூடாது.

கேக் வழக்கம்போல் கடைசி வெள்ளிக்கிழமை நடக்கிறது. பட்டியல் நான்தான் எடுக்கிறேன். நீலச் சட்டைக்காரர்களில் இரண்டு மூன்று பேர் தங்கள் துண்டைத் தாளில் மடித்து லைனுக்கு எடுத்துப் போவதைப் பார்க்கிறேன். பக்கத்தில் நிற்பவனுக்கு. ஷாப் ஃப்ளோரில் உணவுப்பொருள் கூடாது என்பது விதி. சேஃப்டி ஆபீசர் அந்த நேரத்தில் கேன்டீனில்தான் இருப்பார்.

போன ஜனவரி ஒன்றாம் தேதி வார நாளாக இருந்தது. தலைமையகத்துக்கு விடுமுறை, எங்களுக்கு ஷிஃப்ட். காலையில் கதவுத் தாளில் புதிதாக ஒரு வரி இருந்தது. முதல் சனிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஒடிசா எழுத்தில் எட்டுப் பெயர்கள், என்ன கொண்டுவருகிறார்கள் என்ற இடத்தில் தமிழில், யாரோ உதவி செய்து எழுதின கையெழுத்தில், ‘கேக் 2 கிலோ’. எட்டுப் பேருக்கும் சர்க்கார் கொடுத்த பிறந்தநாள். ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு கும்மிடிப்பூண்டி பஜாரில் வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். டீ டைமில் ஸ்டோர் ரூமில் வெட்டினார்கள். கேக் மேல் யார் பெயர் எழுதுவது என்று பேக்கரியில் கேட்டிருக்கிறார்கள். எட்டுப் பெயருக்கு இடமில்லை. தேதியை எழுதி வாங்கிவந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், “ஜூன் நாலுன்னிக்கு ஒண்ணு வாங்கியாயேன், பாக்கலாம்” என்றார்.